"உனக்குப் புரியாது" என்றீர்களே, தம்பி

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 37 வயது. திருமணமாகி எட்டு வருடம், ஆறு வயதில் ஒரு மகன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெண்ணைக் காதலித்தேன். நான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன இரண்டாவது வருடம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகு வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன். மனைவியிடம் குறை எதுவும் இல்லை. பழைய கதையை அவளிடம் சொன்னதில்லை, சொல்ல அவசியமும் வரவில்லை. போன மாதம் ஓர் இரவு, நண்பர் சொன்னாரே என்று 'ஷெர்பூரின் குடைகள்' என்ற பழைய பிரெஞ்சுப் படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். அப்படியே என் கதை. கடைசியில் பெட்ரோல் பங்கில் அந்தப் பெண் அவனைப் பார்க்க வரும் காட்சியில் என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து மனைவி கொய்யாப்பழம் நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொண்டுவந்தாள். "என்ன படம், இப்படி அழறீங்க?" என்று கேட்டாள். "உனக்குப் புரியாது" என்றேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. பழைய தோழியின் செல்போன் எண் ஒரு நண்பர் மூலம் கிடைத்திருக்கிறது. படத்தில் வருவதுபோல ஒரே ஒரு முறை "நன்றாக இருக்கிறாயா" என்று கேட்டுவிட்டால் மனம் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. இது தவறா? உண்மையான காதலுக்குச் சாவில்லை என்றுதானே அந்தப் படமும் சொல்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்:

தம்பி,

நீங்கள் எழுதியது நான்கு பக்கக் கடிதம். இடம் போதாமல் சுருக்கிப் போட்டிருக்கிறோம். நான்கு பக்கத்தில் முக்கால்வாசி பழைய தோழிக்கும் அந்தப் படத்துக்கும் போய்விட்டது. மனைவிக்கு நீங்கள் ஒதுக்கியது ஏழெட்டு வரி, அதிலும் பாதி கொய்யாப்பழம் வந்த கதை. என்னால் அந்த வரிகளைத் தாண்டி நகர முடியவில்லை.

முதல் காதலை மறக்க முடியவில்லை, ஒரே ஒரு தடவை பேசிக்கொள்ளலாமா என்று கேட்கும் கடிதங்களுக்குப் பல வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆண்களும் எழுதுகிறார்கள், பெண்களும் எழுதுகிறார்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட எழுதுகிறார்கள். "இதெல்லாம் மனித இயல்பு, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்று ஒரு வரி என்னிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை.

அந்த இரவை ஒரு முறை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். பிள்ளையைத் தூங்கவைத்து, அடுப்படியை ஒழித்துப் போட்டுவிட்டு, கணவன் சாப்பிடட்டும் என்று பழத்தை நறுக்கிக்கொண்டு வருகிறாள். உள்ளே வந்தால் கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். எட்டு வருடத்தில் எத்தனை முறை அவள் எதிரில் நீங்கள் அழுதிருப்பீர்கள்? ஒரு முறை? அதுவும் இருக்காது. அவளுக்குப் பதறியிருக்கும். அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறாள். நீங்கள் இரண்டே வார்த்தையில் அவள் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினீர்கள்.

என்ன புரியாது அவளுக்கு? பிரெஞ்சா? அது உங்களுக்கும் தெரியாது, கீழே ஓடிய எழுத்தைப் படித்துத்தான் பார்த்தீர்கள். காதலா? அவளுக்கும் ஒரு பதினெட்டு, இருபது வயது இருந்திருக்கும். பஸ் ஸ்டாப்பில் யாரையாவது எதிர்பார்த்து நின்றிருப்பாள், நிற்காமலும் இருந்திருப்பாள். உங்களைக் கட்டுவதற்கு முன் அவள் மனதில் யாராவது இருந்தார்களா என்று இந்த எட்டு வருடத்தில் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன். "குறை எதுவும் இல்லை" என்கிறீர்கள். குறை இல்லை என்பது வாங்கிய மிக்ஸியைப் பற்றிச் சொல்கிற வார்த்தை, தம்பி. மனைவி எப்படிப்பட்டவள், எதற்குச் சிரிப்பாள், எதற்குப் பயப்படுவாள் என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். அதைச் சாட்சிக்கு இழுத்தவர் நீங்கள். நான் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964இல் ஜாக் தெமி எடுத்த படம். கான் விழாவில் அந்த வருடம் முதல் பரிசு வாங்கியது. இசை மிஷெல் லெக்ராண். படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சாக வராது, எல்லாமே பாட்டுத்தான். பெட்ரோல் போடும் பையன் "சூப்பரா, சாதாரணமா" என்று கேட்பதும் பாட்டுத்தான். பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஷெர்பூர் என்ற துறைமுக ஊர். அங்கே ஒரு குடைக்கடை. கடைக்கார அம்மாவின் சின்ன வயது மகள் ஜெனிவீவ், கேத்தரின் தெனூவ் நடித்தது. அவள் காதலிக்கும் கீ ஒரு கார் பட்டறையில் மெக்கானிக். 1957 நவம்பரில் கதை தொடங்குகிறது. அல்ஜீரியாவில் பிரான்ஸ் போர் நடத்திக்கொண்டிருந்த காலம். வயது வந்த பையன்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு அனுப்பினார்கள். கீக்கும் உத்தரவு வருகிறது, இரண்டு வருடம். நீ இல்லாமல் என்னால் வாழவே முடியாது என்று அழுது பாடி ரயிலடியில் பிரிகிறார்கள். அவன் போன பிறகு அவள் கர்ப்பம் என்று தெரிகிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தப் பெண் "காத்திருக்கவில்லை" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஜெனிவீவைச் சொன்னீர்களா, உங்கள் தோழியைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை, இரண்டு பேரையும் சேர்த்தே சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். சின்ன வயதுப் பெண், வயிற்றில் பிள்ளை, 1958ஆம் வருடம், கடையோ கடனில். அவனிடமிருந்து கடிதங்கள் அபூர்வமாகத்தான் வருகின்றன. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் முகம் வருவதில்லை, கையில் இருக்கும் புகைப்படம்தான் நினைவுக்கு வருகிறது என்று அவளே தாயிடம் அழுகிறாள். எனக்கு அந்த வரி வயிற்றைப் பிசைந்தது. மறந்துபோவதை நினைத்துப் பயந்து அழுகிற குழந்தை அவள். அவளைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் தோழியையும் அப்படித்தான். நீங்கள் ஷார்ஜாவில் இருந்தபோது அவள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவளை அந்தக் குற்றத்திலிருந்து மனதுக்குள் விடுவித்துவிடுங்கள். அதற்குப் போன் தேவையில்லை.

ஜெனிவீவைக் கட்டிக்கொள்ள முன்வருகிறவர் ரோலான் காஸார் என்ற வைர வியாபாரி. அவருக்காக அழுது யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. அவள் கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் பின்வாங்கவில்லை. இந்தக் குழந்தையை நாம் சேர்ந்து வளர்ப்போம், இது நம்முடையதாக இருக்கும் என்கிறார். சொன்னபடி செய்கிறார். குடும்பம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மாதிரி ஆட்கள்தான்.

1959 மார்ச்சில் கீ திரும்பி வருகிறான். காலில் காயம், நொண்டி நடக்கிறான். குடைக்கடை கைமாறிவிட்டது. பட்டறையில் சண்டை போட்டு வேலையை விடுகிறான், குடிக்கிறான், கண்ட இடத்தில் இரவைக் கழிக்கிறான். இந்த இடங்களில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டிலேயே இன்னொரு ஆள் இருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த கீயின் அத்தை எலீஸுக்கு மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள். பெயர் மதலேன். படத்தின் முதல் பாதியில் வருகிறாள், போகிறாள், கண்ணில் நிற்க மாட்டாள். கீ ஊர் சுற்றிவிட்டு ஒரு காலையில் திரும்பும்போது அத்தை செத்துப்போயிருக்கிறாள், அந்தச் செய்தியை அழுதுகொண்டே சொல்பவள் மதலேன்தான்.

நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் அவள் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. படத்தை "அப்படியே என் கதை" என்கிறீர்கள், உங்கள் கதையில் மனைவி இருக்கிறாள், படத்திலும் மனைவி இருக்கிறாள், இரண்டு பேரையும் நீங்கள் பார்க்கவில்லை.

கீ கல்யாணம் பேசும்போது மதலேன் உடனே தலையாட்டிவிடவில்லை. இன்னும் ஜெனிவீவை நினைத்துக்கொண்டிருக்கிறாயா, வேறு வழியில்லாமல் என்னைக் கேட்கிறாயா என்று நேருக்கு நேர் கேட்கிறாள். கேட்க அவளுக்கு வழி இருந்தது, ஏனென்றால் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தே வந்தாள். உங்கள் மனைவிக்கு அந்த வழியை நீங்கள் கொடுக்கவில்லை. "சொல்ல அவசியம் வரவில்லை" என்பது உங்களுக்கு வசதியான வாக்கியம். கல்யாணத்துக்கு முன் காதலித்தது தவறே இல்லை. ஷார்ஜா வேலை, கிடைக்காமல் போன பெண், எல்லாம் சேர்ந்துதான் நீங்கள். அதில் ஒரு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டு வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறீர்கள். அன்றைக்கு அவள் தெரியாமல் அந்த அறை வாசலில் வந்து நின்றுவிட்டாள். அதனால்தான் உங்களுக்கு அவ்வளவு எரிச்சல்.

இப்போது அந்தப் பெட்ரோல் பங்க். நீங்கள் எழுதியிருப்பது: "அந்தப் பெண் அவனைப் பார்க்க வரும் காட்சி." இல்லை, தம்பி. அவள் அவனைப் பார்க்க வரவில்லை. 1963 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, பனி கொட்டுகிறது. மாமியார் வீட்டிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வருகிற வழியில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பிறந்த ஊருக்குள் கொஞ்சம் சுற்றி வருகிறாள். பெட்ரோல் போடக் காரை நிறுத்தினால் அது அவன் பங்க். உன்னைச் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை என்று அவளே சொல்கிறாள். அந்தச் சுற்றுவழியில் அவள் மனதில் என்ன இருந்தது என்று நாம் என்னவும் யோசிக்கலாம். ஆனால் அவள் யாரிடமும் போய் அவன் எண்ணைக் கேட்கவில்லை. உங்களுக்கு எண் "கிடைத்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். மாம்பழம்தான் மரத்தடியில் கிடைக்கும். செல்போன் எண்ணை நண்பரிடம் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். வாங்கினேன் என்று எழுத உங்கள் கையே கூசியிருக்கிறது. அந்தக் கூச்சத்தை மதியுங்கள், உங்களுக்குள் நல்ல மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு இந்தக் கடிதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அடையாளம் அது.

குளிருக்கு ஒதுங்கி இருவரும் பங்க் ஆபீசுக்குள் போகிறார்கள். பேசுவதற்கு எதுவும் வரவில்லை. மூலையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் ஜோடித்து நிற்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் மதலேன் அதை முடித்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். ஜெனிவீவ் மரத்தைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே, நீ ஜோடித்ததா என்று கேட்கிறாள். இல்லை, என் மனைவி செய்தது, முக்கியமாகப் பையனுக்காக என்கிறான் கீ.

இந்த இடத்தை நீங்கள் எப்படித் தாண்டிப் போனீர்கள்? படத்தின் உயிரே எனக்கு அங்கேதான் இருக்கிறது. யாருக்காக உருகிப் பாடினானோ அவள் எதிரில் நிற்கிறாள், ரோமக் கோட்டும் காருமாக, முன்னைவிட அழகாக. அவன் வாயிலிருந்து அந்த நேரம் வருவது 'என் மனைவி' என்ற சொல். வீட்டில் இல்லாத மதலேனை அந்த அறைக்குள் கொண்டுவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான். அதே நிமிடத்தில்தான் நீங்கள் அழுதீர்கள், அதே நிமிடத்தில்தான் தட்டோடு உங்கள் மனைவி உள்ளே வந்தாள். கீ இல்லாத மனைவியைப் பக்கத்தில் நிறுத்தினான். நீங்கள் வந்து நின்ற மனைவியை வெளியே அனுப்பினீர்கள்.

காரில் உட்கார்ந்திருக்கும் சிறுமி கீயின் மகள். பெயர் பிரான்சுவாஸ். கீக்கும் மதலேனுக்கும் பிறந்த பையன் பெயர் பிரான்சுவா. உன்னைப் போலவே இருக்கிறாள், பார்க்கிறாயா என்று ஜெனிவீவ் கேட்கிறாள். நீ கிளம்பலாம் என்று நினைக்கிறேன் என்பதுதான் அவன் பதில். இந்த ஒரு இடத்தில் நான் கீயோடு சேர மாட்டேன். என்னதான் இருந்தாலும் பெற்ற பிள்ளை. கண்ணாடி வழியாக ஒரு தரம் பார்த்திருக்கலாம், ஒரு மிட்டாயாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவளுக்கு ரோலான் என்று ஒரு அப்பா இருக்கிறார், அதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. மூன்று முறை பார்த்தும் எனக்கு இது ஆறவில்லை. பெரியவர்களின் காதலுக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. அதனால்தான் உங்கள் ஆறு வயது மகனையும் இங்கே நினைக்கிறேன். அப்பா ராத்திரி யாரோடு மெல்லப் பேசுகிறார் என்று கவனிக்கும் வயது அது.

கிளம்பும்போது ஜெனிவீவ் கேட்கிறாள், நீ நன்றாக இருக்கிறாயா. நன்றாகவே இருக்கிறேன் என்கிறான். கார் போய்விடுகிறது. நீங்கள் அங்கேயே படத்தை நிறுத்தியிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். அதற்குப் பிறகும் படம் ஓடுகிறது. மதலேனும் பையனும் திரும்பி வருகிறார்கள். கீ மனைவியை முத்தமிடுகிறான், பனியை அள்ளி மகனோடு விளையாடுகிறான், மூன்று பேரும் உள்ளே போகிறார்கள். அந்தப் பெரிய இசை, ரயிலடியில் அழுதபோது வந்த அதே இசை, இப்போது இவர்கள் மூன்று பேர் மேல் கொட்டுகிறது. காதலுக்குச் சாவில்லை என்று படம் சொல்கிறது என்றால், எந்தக் காதலைச் சொல்கிறது என்று போய்ப் பாருங்கள். கேமரா ஜெனிவீவின் காரோடு போகவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: போன் செய்யாதீர்கள். பாவம் புண்ணியம் பார்த்து நான் சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போது ஒரு வீட்டில் இருக்கிறாள், அவளுக்கும் ஒரு ரோலான் இருக்கலாம், ஒரு பிள்ளை இருக்கலாம். உங்கள் தூக்கத்துக்காக அவள் தூக்கத்தைக் கெடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. ஒரே ஒரு முறை என்று ஆரம்பித்தவர்கள் எனக்கு எழுதிய இரண்டாவது கடிதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்ணை அழித்துவிட்டு, கொடுத்த நண்பரிடம் இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் பழைய தோழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாளே, அந்த முதுகுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இல்லையென்றால் அதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பையனை உங்கள் அம்மா வீட்டில் விடுங்கள். அன்றைக்குக் கொய்யாப்பழத்தை நீங்கள் நறுக்குங்கள். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே படத்தை முதலிலிருந்து போடுங்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க அவளுக்கு வராது என்று கடிதத்தில் குறைப்பட்டிருந்தீர்கள், அதனால் நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். பாட்டாகப் பேசுவதால் நிதானமாகவே போகும், தடுமாற மாட்டீர்கள். கீ ரயிலேறும் இடத்தில் நிறுத்தி, நானும் இப்படி ஒரு முறை போனேன் என்று ஆரம்பியுங்கள். பெயர், ஊர், நடந்த நாள் எல்லாம் ஒப்பிக்க வேண்டாம். அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பொய் வேண்டாம். அவள் கோபப்பட்டால் படட்டும், எட்டு வருடம் தாமதமாக வருகிற செய்தி, கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. அழுதால் எழுந்து போய்விடாமல் கூடவே இருங்கள். அப்புறம் அவளிடமும் கேளுங்கள், உனக்கு இப்படி ஏதாவது உண்டா என்று. அவள் சொன்னால் முகம் மாறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்த வாரம் மீதியைப் பாருங்கள். கடைசியில் அந்த ஆபீஸ் அறை வரும், மரத்தை யார் ஜோடித்தது என்று ஜெனிவீவ் கேட்பாள். கீ சொல்லும் பதிலை மட்டும் விழுங்கிவிடாதீர்கள், அவளுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லுங்கள்.